மருதாணிக் கை

அத்தியாயம் 11

நேற்று மாலை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பியூன் கொண்டுவந்து கொடுத்த அந்த நீள உறையை சைதூன் ஏழெட்டுத் தடவை பிரித்துப் படித்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அது அதையேதான் சொன்னது.

பெண்கள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை கா. சைதூன் பீவியும், ஆட்டுச்சந்தைக் குத்தகையை எடுத்திருக்கும், மர்ஹூம் ஜமால் முகமதுவின் மனைவி சைதூன் பீவியும் ஒரே ஆள்தான் என்று புகார் வந்திருக்கிறது. நகரசபையில் சம்பளம் வாங்குகிறவர் நகரசபைக் குத்தகையை எடுக்கக் கூடாது. இன்று மாலை நான்கு மணிக்குக் கமிஷனர் முன்னால் வந்து விளக்கம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வேலை நீக்கம்.

மறைந்த ஜமால் முகமது அவள் புருஷன்தான். ஆனால் சைதூன் ஆட்டுச்சந்தைப் பக்கம் கால் வைத்ததே இல்லை.

நகரசபை ஆபீசில் யாரோ பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். அண்ணன் சௌகத் அலியிடம் காட்டலாமென்றால், அவர் விடிந்ததிலிருந்து வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை நகரசபைத் தலைவர் தேர்வு. கவுன்சிலர்கள் கூடி ஓட்டுப் போடவேண்டும், அண்ணன் நிற்கிறார். தன் பக்கத்துக் கவுன்சிலர்களை எதிராளி இழுத்துவிடாதபடி கொடைரோட்டில் ஒரு வீட்டில் விருந்து என்று சொல்லி உட்கார்த்தி வைத்திருந்தார். அங்கும் இங்குமாகக் கார் ஓடிக்கொண்டிருந்தது.

காலை வகுப்புகளை முடித்துவிட்டு சைதூன் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஜட்கா வண்டி பிடித்து நேரே ஆபீசுக்கே போனாள்.

குத்தகைப் பிரிவுக் குமாஸ்தா சூசைமுத்து அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க டீச்சர். வருவீங்கன்னு தெரியும். உக்காருங்க."

"இது என்னங்க இது? எனக்கும் ஆட்டுச்சந்தைக்கும் என்ன இருக்கு?"

சூசைமுத்து அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்ததும், அலமாரியிலிருந்து ஒரு காகிதக்கட்டை எடுத்துப் பிரித்தார்.

"அப்ப இது நீங்க இல்லையா?"

ஒப்பந்தத் தாளின் அடியில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. அதன் கீழே சைதூன் பீவி என்று எழுதியிருந்தது.

"நான் கையெழுத்துப் போடுறவ. மாசம் தவறாம உங்க ஆபீஸ் புத்தகத்துலதானே போடுறேன். நான் எதுக்கு விரல் வைக்கப் போறேன்?"

"அதை நான் அன்னிக்கே யோசிச்சிருக்கணும். யோசிக்கல." சூசைமுத்து குரலைத் தாழ்த்தினார். "ஏலம் முடிஞ்சு ஒப்பந்தம் எழுதணும். எடுத்தது கோஷாப் பொம்பளை, ஆபீசுக்கு வரமாட்டாங்க, வீட்டுக்கு வாங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. வழக்கம்தானே. எத்தனை வீட்டுல வாங்கியிருக்கேன். நடுவுல ஒரு திரை. இந்தப் பக்கம் நானும் மைப்பெட்டியும். அந்தப் பக்கமிருந்து கை மட்டும் வரும். இன்னாருன்னு வீட்டு ஆம்பளை ஒருத்தர் சாட்சி சொல்லுவாரு. என் தங்கச்சின்னு உங்க அண்ணன் சொன்னாரு. கவுன்சிலர் சொல்றாரு, நான் திரையைத் தூக்கியா பார்க்க முடியும்?"

"எப்ப இது?"

"ரெண்டு வருசம் ஆச்சு. பக்ரீத்துக்கு மூணாம் நாள், மத்தியானம்."

"அன்னிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாச்சு. நான் கிளாஸ்ல இருந்தேன்."

சூசைமுத்து கட்டின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நினைச்சுக்கிடாதீங்க. அன்னிக்கு வந்த கையில மருதாணி இருந்துச்சு. விரல் நுனி பூராத் தொப்பி வச்சமாதிரி, செக்கச்செவேல்னு. மை பிடிக்குமோ என்னமோன்னு ரெண்டு தரம் அமுக்கி எடுத்தேன். 'மர்ஹூம் ஜமால் முகமது மனைவி'ன்னு என் கையாலதான் எழுதினேன். புருசன் போனவங்க கையில மருதாணி ஏதுன்னு எனக்கு உறைக்கவே இல்லை."

ஜமால் முகமது போய்ப் பதினோரு வருஷம். சைதூன் அதன் பிறகு மருதாணி இட்டுக்கொண்டதில்லை.

"என் பேரு எதுக்குங்க?"

"கவுன்சிலருக்கு நகரசபைக் குத்தகையில பங்கு இருந்தா நாற்காலி போயிடும் டீச்சர். அதுக்குத்தான். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. சேவுகம்பட்டித் தோப்பு அவங்க வீட்டம்மா பேர்ல. கார் மச்சினன் பேர்ல. சந்தை உங்க பேர்ல. காகிதத்தைப் பார்த்தா இந்த ஊர்லயே ஏழை உங்க அண்ணன்தான்."

சைதூனுக்குக் காது மடல் சுட்டது. 'தனக்கென ஒரு செண்டு நிலமும் இல்லாதவர்.' ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீசை எழுதியது அவள்தான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அடித்துத் திருத்தி, அழகாக எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"நான் இல்லைன்னு சொன்னா?"

"ரெண்டு ரேகையையும் வச்சுப் பார்ப்பாங்க. பொய்ச் சாட்சி சொன்னது உங்க அண்ணன், அவரு பதவி போகும். கையை நீட்டுனவங்க மேல போலீஸ் கேசு. என் வேலையும் போகும், அது கிடக்கட்டும்."

"ஆமாம்னு சொன்னா?"

"உங்க வேலை போகும்."

சைதூன் எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சந்தை வாசல்ல காசு வாங்கிச் சீட்டுக் கிழிக்கிறது யாருங்க?"

"உங்க அண்ணனோட தோல் கிடங்கு ஆளுக. ஆனா ஆபீசுக்குத் தெரிஞ்சது உங்க பேரு மட்டும்தான். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்கதான் கிழிக்கலாம். சட்டம் அப்படி."

வண்டி வீட்டை நோக்கிப் போகும்போது சைதூன் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்தாள். மருதாணி வைத்த கை. வீட்டில் இருப்பது மூன்று பெண்கள். தன்னை விட்டால் இரண்டு பேர். அதில் ஒருத்தியை அவள் நினைக்கவே இல்லை.

அடுப்படியில் அண்ணன் மனைவி ஆரிபா பெரிய தேக்சாவில் கறி கிளறிக்கொண்டிருந்தாள். கொடைரோட்டுக்குப் போகிற இரவுச் சாப்பாடு.

"ஏழு கவுன்சிலருக்குன்னுதான் உங்க அண்ணன் சொன்னாரு. நேத்துப் போன வெஞ்சனம் பதினைஞ்சு பேர் தின்ன மாதிரி சட்டி திரும்பி வருது. ஓட்டு ஏழுதான், வயிறு மட்டும் பதினைஞ்சு" என்றாள் ஆரிபா, திரும்பிப் பார்க்காமலே. "நீ என்ன இந்நேரத்துக்கு வந்துட்டே? தலைவலியா?"

"மதினி, உங்க கையைக் காட்டுங்க."

"எதுக்குடி? ஜோசியம் பார்க்கப் போறியா?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தின பக்ரீத்துக்கு நீங்க மருதாணி வச்சிருந்தீங்களா?"

கரண்டி நின்றது.

ஆரிபா தேக்சாவின் மூடியை மெதுவாகப் போட்டாள். "எங்க அத்தா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த வருசம் அது. நான் எங்கே மருதாணி வச்சேன்?"

உண்மைதான். சைதூனுக்கு அந்த நாள் நன்றாக நினைவு வந்தது. தாடிக்கொம்பு ரோட்டு வேலியிலிருந்து இலை பறித்து வந்து, அம்மியில் மை போல அரைத்து, "மதினி வாங்க" என்று கூப்பிட்டதும், "எனக்கு வேணாம் சைதூனு, மனசு சரியில்லை" என்று ஆரிபா சொன்னதும். அரைத்த மருதாணி முழுவதையும் ஒரே ஒருத்தியின் கைகளில்தான் வைத்தாள். பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டாள்.

மேற்கொண்டு நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப திரைக்குப் பின்னாடி யாரு மதினி?"

"உனக்கு யாரு சொன்னா?"

"நான் கேட்டதுக்குச் சொல்லுங்க."

"திரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்." ஆரிபாவின் குரல் இறங்கிவிட்டது. "கை என்னுது இல்லை. என் ரேகை தோப்புப் பத்திரத்துல ஏற்கனவே இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா என்னிக்காவது மாட்டிக்கிடுவோம்னு உங்க அண்ணன்தான் வேணாம்னுட்டாரு. அதனால..."

ஆரிபா நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை சைதூனைத் தாண்டிப் போயிற்று.

வாசற்படியில் நர்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். சைதூனின் ஒரே மகள். அடுத்த மாதம் கல்யாணம். கையில் வெங்காயத் தட்டு.

"அம்மா, நான்தான்."

சைதூன் மகளிடமிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அந்தக் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், இரண்டு வருஷத்துச் சிவப்பு இன்னும் அதில் இருக்கும் என்பது போல.

"நான்தானே இந்தக் கைக்கு வச்சுவிட்டேன்."

"ஆமாம்மா."

"எதுக்கு நீட்டினே?"

"மாமாதான் சொன்னாரு. 'உங்க அம்மா பேர்ல ஒரு வீடு வாங்குறேன். அவ ரோசக்காரி, தெரிஞ்சா வேணாம்பா. பத்திரம் முடிஞ்சதும் சாவியைக் கொண்டுபோய்க் கொடுப்போம். இப்ப நீ கையை மட்டும் நீட்டு'ன்னாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சும்மா. நமக்குன்னு வீடுன்னு."

"ரெண்டு வருசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"வீடு வரும் வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். போன வருசம் மாமாவைக் கேட்டேன். அது வீடு இல்லை, சந்தைக் குத்தகைன்னாரு. 'உன் கல்யாணமே அதுலதான் நடக்குது, வாயைத் திறந்தா கல்யாணம் நின்னுபோகும்'னாரு."

"நீ வாயை மூடிக்கிட்டே."

நர்கீஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிச்சிருந்துச்சும்மா."

சைதூன் மகளின் கையை விட்டாள். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இந்த வீட்டில் மூன்று பேர் ஒரு திரையைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் மட்டும் பள்ளிக்கூடத்தில் நின்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்ததும் இதே ஆரிபா டீ போட்டுக் கொடுத்திருப்பாள். இதே நர்கீஸ் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருப்பாள்.

மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. சௌகத் அலி வெள்ளை ஜிப்பாவின் கையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் மூன்று பெண்களின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆரிபா, சாப்பாட்டைக் காரில ஏத்தச் சொல்லு. நர்கீஸு, நீ உள்ளே போம்மா." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடுதாசி வந்ததை நேத்தே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு வருசத்துக்கு முந்தியே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை." அவர் சிரிக்கப் பார்த்தார். "இங்க பாரு சைதூனு. பணம் இல்லாதவன் எலெக்சன்ல நிக்க முடியுமா? கிடங்கு நிக்கணும்னா பதவி வேணும். பதவி நிக்கணும்னா கிடங்கு வேணும். ஒண்ணை விட்டா ரெண்டும் போகும். ஊர்ல எவன் தன் பேர்ல வச்சுக்கிட்டு இருக்கான்? என்னை மட்டும் கேக்க வந்துட்டே."

"ஊரைக் கேக்கலைண்ணே. என் பேரைக் கேக்குறேன்."

"உன் பேரு கெட்டா போச்சு? இன்னிக்கு நீ போயி, ஆமா, குத்தகை என்னுதுதான், தெரியாம ரெண்டையும் வச்சிருந்துட்டேன்னு சொல்லிடு. வாத்தியார் வேலையை விட்டுடு. அந்தச் சம்பளத்தை மாசாமாசம் நான் தாரேன். உனக்கு இந்த வீட்டுல என்ன குறை?"

ஜமால் போன பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள் சைதூன். இரண்டு வருஷம் ஆரிபாவிடம் கேட்டுத்தான் சோப்புக்கட்டிகூட வாங்கினாள். முதல் சம்பளத்தில் நர்கீஸுக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுத்த நாள் அவளுக்குப் பெருநாள். அந்த வேலைக்கு ஒன்பது வருஷமாகிறது. அதைத்தான் அண்ணன் சம்பளம் என்கிறார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. ஊர்ல எம்புட்டுப் பேர் இருக்காங்க. கூலிக்கு ஒருத்தியைக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கலாம். என் மகள் கைதான் கிடைச்சுதா?"

சௌகத் அலி வெளியே காரைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"வேற எவ கையா இருந்தாலும் இன்னிக்கு நீ என்னைக் காட்டிக் கொடுத்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா? நீ நியாயக்காரி. மக கைன்னா பேசமாட்டே."

இப்படி ஒரு நாள் வரும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே அண்ணன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கே அவள் வாயைக் கட்டிவிட்டார், அவள் பெற்ற பிள்ளையின் விரலைக் கொண்டு.

சைதூன் துப்பட்டியை எடுத்துப் போர்த்துக்கொண்டாள்.

"சரிண்ணே. குத்தகை என்னுதுன்னே சொல்றேன். செத்த நேரம் இருங்க, ஒரு கடுதாசி எழுதணும்."

"அதானே பார்த்தேன். அத்தா பிள்ளையில்லையா நீ" என்றார் சௌகத் அலி. ஆரிபாவைக் கூப்பிட்டு ஒரு டீ கேட்டார்.

நான்கு மணி, நகரசபை ஆபீஸ். கமிஷனர் நடு வயதுக்காரர், பேச்சு குறைவு. புகார் மனு ஒரு பக்கம், ஒப்பந்தத் தாள் ஒரு பக்கம். சுவரோரம் சூசைமுத்து. அவர் முகம் வெளிறியிருந்தது. சௌகத் அலி தங்கைக்குத் துணையாக வந்தவர் போலப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் குத்தகை உங்களோடதாம்மா?"

"ஆமாங்க. என்னுதுதான்."

சூசைமுத்து நிமிர்ந்து பார்த்தார். சௌகத் அலி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"நகரசபை வேலையும் குத்தகையும் சேர்ந்து இருக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதுங்க. வேலையை விட்டுடுறேன்." சைதூன் மடித்த தாளை மேஜைமேல் வைத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாளைக்கு யாரைப் பார்த்து எழுந்து நிற்பார்கள்?

கமிஷனர் படித்தார். "இதுல இன்னொரு பக்கமும் இருக்கே?"

"ஆமாங்க. அது குத்தகைதாரரா நான் எழுதினது. இதுவரைக்கும் சந்தை வாசல்ல சீட்டுக் கிழிச்ச ஆளுக யாரும் எனக்கு வேணாம். அவங்களை நான் வைக்கலை. வர்ற திங்கட்கிழமைச் சந்தையிலேருந்து நானே வாசல்ல இருப்பேன். நான் சொல்ற ஆளுகதான் சீட்டுக் கிழிப்பாங்க. அதை ஆபீசு முத்திரை போட்டுச் சந்தை வாசல்ல ஒட்டிக் கொடுக்கணுங்க."

சௌகத் அலியின் கால் கீழே இறங்கியது.

"சைதூனு, என்ன பேசுறே நீ?"

கமிஷனர் அவர் பக்கம் திரும்பினார். "கவுன்சிலருக்கு இதுல ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

சௌகத் அலி ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னால் போதும், சந்தை யாருடையது என்று மேஜைமேல் எழுதிவைத்த மாதிரி ஆகிவிடும்.

"எனக்கா? எனக்கு இதுல என்ன சம்பந்தம்?" என்றார் சௌகத் அலி.

"நல்லது." கமிஷனர் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை. ராஜினாமாக் கடிதத்தின் கையெழுத்தையும் ஒப்பந்தத்தின் ரேகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முத்து முத்தா எழுதுறீங்களே. இங்க மட்டும் ஏம்மா விரல் வச்சீங்க?"

"திரைக்கு இந்தப் பக்கம் கையைத்தாங்க கேப்பாங்க. எழுத்தைக் கேக்கமாட்டாங்க."

கமிஷனர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இருக்கலாம். ஆனா புகார் கொடுத்தவர் சும்மா இருக்கமாட்டார். சூசைமுத்து, அந்த மைப்பெட்டியைக் கொண்டாங்க. அம்மா, இந்தத் தாள்ல ஒரு ரேகை வச்சுக் கொடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டா இன்னிக்கே எல்லாம் முடிஞ்சுபோகும்."

சூசைமுத்து மைப்பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியைத் திறக்க அவருக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது.

சைதூன் துப்பட்டிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். பதினோரு வருஷமாகச் சாயம் காணாத கை. நுனியில் சுண்ணாம்புக்கட்டி மாவு இன்னும் ஒட்டியிருந்தது. மைக்கு மேலே பெருவிரலைக் கொண்டுபோனவள், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். பதிந்தால் ரேகை ஒத்துப்போகாது; அண்ணன் பதவியோடு மகளும் மாட்டுவாள்.

பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். சௌகத் அலியின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"நீங்க சொல்லுங்கண்ணே" என்றாள், சின்ன வயதில் எதற்கும் அவரிடம் அனுமதி கேட்கிற அதே குரலில். "வைக்கட்டுமா?"